மாணவர்களின் போர் எதிர்ப்பு: தலைமுறைகளை எதை வைத்து ஒப்பிடுவது?

2024 ஏப்ரலில் காஸா போருக்கு எதிராக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புல்வெளிகளில் மாணவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தபோது, எங்கே பார்த்தாலும் இரண்டு பேச்சுதான். வியட்நாம் காலம் திரும்பி வந்துவிட்டது என்று ஒரு சாரார் சொன்னார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே, இவர்கள் எங்கே என்று இன்னொரு சாரார். இரண்டுமே அவசரப் பேச்சு. எத்தனை பேர் கூடினார்கள், எவ்வளவு சத்தமாகக் கோஷம் போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஒப்பிடவே முடியாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் போர் இந்த மாணவரை எந்த வழியாக வந்து தொட்டது? உயிர் வழியாகவா, பணம் வழியாகவா, உறவு வழியாகவா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் அவர்கள் ஏன் அந்தக் கோரிக்கையை வைத்தார்கள், ஏன் அந்தக் கட்டடத்தைப் பிடித்தார்கள், ஏன் சிலர் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும். அமெரிக்காவை வைத்தே பார்க்கலாம், அங்கேதான் ஒரே வளாகத்தில் பேரன் காலம் வரைக்கும் இந்தக் கதை தொடர்கிறது.

வியட்நாமிலிருந்து ஆரம்பிப்போம். 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படை டா நாங் கரையில் இறங்கியது. அதே மாதம் 24ஆம் தேதி இரவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரும் மாணவருமாக ஏறத்தாழ 3,000 பேர் விடிய விடிய உட்கார்ந்து அந்தப் போரைப் பற்றிப் பேசினார்கள். ஒருநாள் வகுப்பைப் புறக்கணிக்கலாம் என்றுதான் ஆசிரியர்கள் முதலில் நினைத்தார்கள், அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும், சரி, வகுப்பை நிறுத்த வேண்டாம், இரவில் கூடுதலாக எடுப்போம் என்று மாற்றிக்கொண்டார்கள். டீச்-இன் என்ற போராட்ட வடிவம் அங்கேதான் பிறந்தது, அப்புறம் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அதுவரை அது படித்தவர்களின் மனசாட்சி விவகாரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு வந்து கதவைத் தட்டியது அந்த ஜூலையில், அதிபர் ஜான்சன் மாதம் 17,000 பேராக இருந்த ராணுவ ஆள்சேர்ப்பை 35,000 ஆக்கியபோது.

இது விரும்பிச் சேரும் ஆள்சேர்ப்பு இல்லை. டிராஃப்ட் என்ற கட்டாய ராணுவச் சேவை. 18 வயதானால் ஆண்கள் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும், உள்ளூர் வாரியம் ஒன்று ஒவ்வொருவருக்கும் ஒரு வகை போடும். 1-ஏ என்று போட்டால் எந்த நேரமும் கூப்பிடலாம். 2-எஸ் என்று போட்டால், மாணவர், படிப்பு முடியும்வரை விட்டுவிடலாம். ஆக, கல்லூரியில் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. கல்லூரிக்குப் போக வசதியில்லாத ஏழை வீட்டுப் பையன்களும் கறுப்பின இளைஞர்களும் வியட்நாம் காட்டுக்குப் போக, நாம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற உறுத்தல் பல மாணவர்களை அரித்தது. வியட்நாம் கால எதிர்ப்பை வெறும் உயிர்ப்பயம் என்று எழுதுகிறவர்கள் இந்த உறுத்தலைக் கணக்கில் எடுப்பதில்லை. டிராஃப்டே இல்லாத பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றதையும் எடுப்பதில்லை.

1966இல் இது இன்னும் ஒரு படி இறங்கியது. எல்லா மாணவருக்கும் விலக்கு தர முடியாது, நன்றாகப் படிக்கிறவருக்குத்தான் என்றார்கள். அதற்கு ஒரு தகுதித் தேர்வு, கூடவே பல்கலைக்கழகம் மாணவரின் வகுப்புத் தரவரிசையை வாரியத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. யோசித்துப் பாருங்கள், ஒரு பேராசிரியர் திருத்தும் விடைத்தாளில் விழும் சி கிரேடு ஒரு பையனை வியட்நாமுக்கு அனுப்பிவிடலாம். அந்த மே மாதம் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தது அரசிடம் எதையும் கேட்பதற்காக இல்லை, தரவரிசையைக் கொடுக்காதே என்று தங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்பதற்காக. போர் எதிர்ப்பு என்பது வாஷிங்டனை விட்டுவிட்டுத் துணைவேந்தர் அறைப் பக்கம் திரும்பிய இடங்களில் இது முக்கியமானது. பல்கலைக்கழகமும் போரில் ஒரு கூட்டாளி என்ற எண்ணம் வந்துவிட்டால், பிறகு தேடத் தேட நிறைய அகப்படும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது டௌ கெமிக்கல் நிறுவனம், நேபாம் குண்டுக்குத் தீக்குழம்பு செய்து கொடுத்த அதே நிறுவனம், வளாகத்துக்குள்ளேயே வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. 1967 அக்டோபர் 18 அன்று அதைத் தடுக்க வழியை மறித்து உட்கார்ந்த மாணவர்களைப் போலீஸ் தடியால் அடித்து வெளியே தள்ளியது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது ஒரு காகிதம். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனுக்கு ஆயுத ஆராய்ச்சி ஆலோசனை சொல்லும் ஒரு கழகத்தில் பல்கலைக்கழகம் உறுப்பினராக இருப்பதை ஒரு மாணவர் நூலகத்தில் புரட்டிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தார். இன்னொரு பக்கம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பக்கத்து ஹார்லெம் பகுதியினர் புழங்கும் பொதுப் பூங்காவில் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கியிருந்தது, அந்த மக்களுக்குக் கீழே தனி வாசல் என்ற திட்டத்தோடு. இரண்டு கோபமும் சேர்ந்து 1968 ஏப்ரல் 23 அன்று வெடித்தது. ஹாமில்டன் ஹாலில் ஆரம்பித்து ஐந்து கட்டடங்கள் மாணவர் கைக்குப் போயின. ஏப்ரல் 30 அதிகாலையில் போலீஸ் நுழைந்து 700க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. ஹாமில்டன் ஹாலில் இருந்த கறுப்பின மாணவர்கள் வழக்கறிஞர்களை வைத்துப் பேசி ஒழுங்காக வெளியே வந்தார்கள், மற்ற கட்டடங்களில்தான் மண்டை உடைந்தது. பல்கலைக்கழகத் தலைவர் கிரேசன் கர்க் ஆகஸ்டில் பதவி விலகினார். உடற்பயிற்சிக்கூடம் கைவிடப்பட்டது, ஆயுத ஆராய்ச்சி உறவும் அறுந்தது. போர் மட்டும் நிற்கவில்லை.

1969 டிசம்பர் 1 இரவு நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தலைமுறையின் மனநிலை பிடிபடாது. யாரை முதலில் கூப்பிடுவது என்பதை முடிவு செய்ய அரசு குலுக்கல் முறைக்கு வந்தது. 366 நீலநிற பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தேதி, எல்லாம் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் பிரித்துப் பலகையில் ஒட்டினார்கள், தொலைக்காட்சியில் நேரடியாக. முதலில் வந்தது செப்டம்பர் 14. 1944க்கும் 1950க்கும் இடையில் அந்தத் தேதியில் பிறந்திருந்தால் முதல் அழைப்பு உங்களுக்கு. விடுதி அறைகளில் நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து தங்கள் பிறந்தநாள் எந்த எண்ணில் வருகிறது என்று பார்த்தார்கள். அந்த ஆண்டுக் குலுக்கலில் 195 வரை அழைப்பு போனது. ஜாடியைச் சரியாகக் கலக்கவில்லை, ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக முன்னால் வந்துவிட்டார்கள் என்று பிறகு புள்ளியியல் அறிஞர்கள் காட்டினார்கள். உயிர் அவ்வளவு அலட்சியமாகக் கலக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 1970 ஏப்ரல் 30 அன்று அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் வந்து கம்போடியாவுக்குள் படை நுழைவதாக அறிவித்தார். முடியப்போகிறது என்று சொல்லப்பட்ட போர் பக்கத்து நாட்டுக்குப் பரவுகிறது. மே 4 அன்று ஒஹாயோ மாநிலம் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை 13 விநாடிகளில் 60க்கும் மேற்பட்ட தடவை சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். இறந்தவர்களில் இருவர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்புக்கு இடையில் நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். பத்து நாள் கழித்து மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஜாக்சன் கல்லூரியில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள், அதை இன்றைக்கும் பாதிப்பேர் சொல்வதே இல்லை. நாடெங்கும் ஏறத்தாழ 40 லட்சம் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், நூற்றுக்கணக்கான கல்லூரிகள் மூடப்பட்டன.

இப்போது அந்த மாணவர்களை எல்லோரும் தியாகிகளாகப் பார்க்கிறார்களே, அன்றைக்கு என்ன நினைத்தார்கள்? கென்ட் துப்பாக்கிச்சூட்டுக்கு யார் பொறுப்பு என்று அந்த மாதமே காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. மாணவர்கள்தான் என்றவர்கள் 58 சதவீதம். காவல்படை என்றவர்கள் 11 சதவீதம். மே 8 அன்று நியூயார்க்கில், இறந்தவர்களுக்காகக் கூடிய மாணவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் துரத்தித் துரத்தி அடித்தார்கள், போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. ஆகவே, அந்தக் காலத்துப் போராட்டத்துக்கு மக்கள் ஆதரவு இருந்தது, இந்தக் காலத்துக்கு இல்லை என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எடுத்துக் காட்டுங்கள். நடக்கும்போது அநேகமாக எல்லா மாணவர் போராட்டமும் பெரியவர்களுக்குப் பிடிக்காத ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது, மரியாதை பிற்பாடு வருகிறது.

1973 ஜனவரியில் டிராஃப்ட் நின்றது. அதற்குள் இந்தப் போருக்காக 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதோடு போருக்கும் சராசரி மாணவருக்கும் இருந்த நேரடித் தொடர்பும் அறுந்தது. 2003 இராக் போர் ஏன் வேறு மாதிரி இருந்தது என்பதற்கு இதுதான் விடை. பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள், போர் தொடங்கும் முன்பே இவ்வளவு பெரிய எதிர்ப்பு அதற்கு முன் நடந்ததில்லை. மார்ச் 5 அன்று அமெரிக்க மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள், பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள்கூட வெளியே வந்தார்கள். மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. அப்புறம் வளாகங்கள் சீக்கிரமே அடங்கிப்போயின. அக்கறை இல்லாமல் இல்லை, ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்படி தன் பிறந்த தேதி எந்த ஜாடியிலும் இல்லை. போனவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள், அவர்களில் பலர் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி பண்ணுவதற்காகவே சேர்ந்தவர்கள். கட்டணம் கட்ட முடிந்தவர் வகுப்பில், முடியாதவர் பாக்தாத்தில். 1966இன் உறுத்தல் அப்படியேதான் இருந்தது, அதைக் கண்ணில் காட்டும் சட்டம்தான் இல்லை.

சரி, உயிர் வழியான தொடர்பு போனபின் எது மிஞ்சியது? பணம். இதை முதலில் கற்றுக்கொடுத்தது போர் எதிர்ப்பு இயக்கம் இல்லை, தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான 1980களின் இயக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எண்டோமென்ட் என்ற நிலைநிதி உண்டு. நன்கொடையாக வந்த தொகையைத் தொடாமல் பங்குகளிலும் நிதிகளிலும் போட்டு, அதன் வருமானத்தில் உதவித்தொகையும் சம்பளமும் கொடுப்பார்கள். கொலம்பியாவின் நிலைநிதி இப்போது 1,300 கோடி டாலருக்கும் மேல். அது எந்தெந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரியாது, பெரும்பகுதி வெளியார் நடத்தும் நிதிகளில் இருப்பதால் நிர்வாகமே சட்டென்று சொல்லிவிட முடியாது. 1985 ஏப்ரலில் கொலம்பியா மாணவர்கள் ஹாமில்டன் ஹால் வாசலைச் சங்கிலி போட்டு மறித்து மூன்று வாரம் படியில் உட்கார்ந்தார்கள், தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் நிறுவனங்களிலிருந்து நம் பணத்தை எடு என்று. அந்த அக்டோபரில் நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் வழிக்கு வந்தது.

2024 மாணவர்கள் படித்த பாடம் 1968ஐவிட 1985தான் என்று நான் நினைக்கிறேன். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கி ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது, அதன்பின் நடந்த போரில் மறு ஏப்ரலுக்குள் காஸாவில் 34,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொன்னது. அமெரிக்க மாணவர் எவரையும் அங்கே போய்ச் சண்டை போடு என்று யாரும் கூப்பிடவில்லை. ஆனால் குண்டு செய்யும் நிறுவனத்தில் நான் கட்டும் கட்டணமும் இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது. கணக்கைக் காட்டு, முதலீட்டை எடு என்பதுதான் ஏறத்தாழ எல்லாக் கூடாரத்திலும் முதல் கோரிக்கை. ஏப்ரல் 17 அன்று கொலம்பியாவில் கூடாரம் வந்தது, மறுநாளே போலீஸ் வந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தது, அந்தக் கைதுதான் தீயை மற்ற வளாகங்களுக்குக் கொண்டுபோனது. ஏப்ரல் 30 அதிகாலையில் ஒரு குழு ஹாமில்டன் ஹாலைக் கைப்பற்றி, காஸாவில் கொல்லப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஹிந்த் ரஜப் பெயரை அதற்கு வைத்தது, அன்று இரவே போலீஸ் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போனது. 1968இல் போலீஸ் நுழைந்ததும் இதே ஏப்ரல் 30தான். தலைவர் மினூஷ் ஷஃபீக்கும் கர்க் மாதிரியே ஆகஸ்டில் பதவி விலகினார். லாஸ் ஏஞ்சல்ஸில் எதிர்த்தரப்பினர் கூடாரத்துக்குள் புகுந்து மணிக்கணக்கில் தாக்கினார்கள், போலீஸ் தாமதமாக வந்தது. அந்த வசந்தத்தில் நாடு முழுக்கக் கைதானவர்கள் 3,000க்கும் மேல்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. 1968இல் வளாகத்துக்குள் வியட்நாமியர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள். 2024இல் பாலஸ்தீன வீட்டுப் பிள்ளைகளும் இஸ்ரேலில் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கியிருந்தார்கள். போர் அவர்களைத் தொட்டது உறவு வழியாக. கூடாரத்துக்குள்ளேயே யூத மாணவர்கள் பஸ்கா விருந்து வைத்துப் போராட்டத்தில் கலந்துகொண்டார்கள், இன்னொரு பக்கம் சில கோஷங்களையும் வசவுகளையும் கேட்டு வகுப்புக்குப் போகவே பயந்த யூத மாணவர்களும் இருந்தார்கள். இரண்டும் உண்மை. வியட்நாம் காலத்தில் நிர்வாகத்துக்கும் மாணவருக்கும் என்று இருந்த மோதல், இப்போது மாணவருக்கும் மாணவருக்கும் என்றும் ஆனது, அதனால்தான் இது இவ்வளவு கசப்பாக இருந்தது. உறவு வழி எவ்வளவு வலுவானது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் சிலர் இலங்கைப் போர்க்குற்றங்களுக்கு நீதி கேட்டு உண்ணாவிரதம் உட்கார, சில நாளிலேயே அது தமிழ்நாடு முழுக்கப் பரவி, மாநில அரசே கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டதே, அப்போது போர் முடிந்து நான்கு ஆண்டு ஆகப்போகிறது. டிராஃப்டும் இல்லை, நிலைநிதியும் இல்லை.

கேட்டது கிடைத்ததா என்றால், கேட்டது எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்துக் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் தானே செய்துகொடுக்கக்கூடியதைக் கேட்டால், எப்போதாவது கிடைக்கிறது, 1968இன் உடற்பயிற்சிக்கூடம் மாதிரி, 1985இன் பங்குகள் மாதிரி. 2024 மே மாதம் டப்ளின் டிரினிட்டி கல்லூரி சில இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து முதலீட்டை எடுக்கச் சம்மதித்துக் கூடாரமும் கலைந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டு, அக்டோபரில் வேண்டாம் என்று வாக்களித்தது. கொலம்பியா ஒப்புக்கொள்ளவே இல்லை.

தண்டனை விஷயத்தில்தான் ஒரு பழைய சங்கதி திரும்பி வந்திருக்கிறது. 1967 அக்டோபரில் டிராஃப்ட் அமைப்பின் தலைவர் ஜெனரல் ஹெர்ஷி உள்ளூர் வாரியங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ராணுவ ஆள்சேர்ப்பைத் தடுக்கும் மாணவரின் விலக்கை எடுத்துவிட்டு 1-ஏ போடுங்கள் என்பது அதன் சாரம். அதாவது, போராடினால் மாணவர் என்ற பாதுகாப்பு போய்விடும், போருக்குப் போக வேண்டும். டிராஃப்டை இப்படித் தண்டனையாகப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அந்த இடத்தில் விசா இருக்கிறது. 2025 மார்ச் 25 அன்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த துருக்கி நாட்டு ஆய்வு மாணவி ருமெய்சா ஓஸ்டர்க்கைச் சாதாரண உடையில் முகமூடியோடு வந்த அதிகாரிகள் தெருவில் பிடித்து, ஊர்விட்டு ஊர் லூசியானா தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் கட்டடம் எதையும் பிடிக்கவில்லை. மாணவர் பத்திரிகையில் மற்ற மூவரோடு சேர்ந்து ஒரு கருத்துக் கட்டுரை எழுதியிருந்தார். நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு மே மாதம் வெளியே வந்தார்.

1968 கொலம்பியாப் படங்களைப் பார்த்தால் எல்லோருடைய முகமும் திறந்திருக்கும், பல்கலைக்கழகத் தலைவரின் நாற்காலியில் ஒரு மாணவர் சுருட்டோடு உட்கார்ந்து படமே எடுத்துக்கொண்டார். 2024 படங்களில் முகக்கவசமும் கழுத்துத் துணியும். இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களைப் பார்த்தேன், எனக்கு அது சரியாகப் படவில்லை. போராடியவரின் பெயரும் படமும் லாரியில் மாட்டிய திரையில் ஓடும் காலம் இது, ஒரு தடவை இணையத்தில் ஏறினால் வேலைக்கு எடுப்பவர் பார்ப்பார், விசா அதிகாரியும் பார்ப்பார். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் 3.3 லட்சத்துக்கும் மேல். 1968இல் மண்டை உடைந்த பையனுக்கு அந்த நாட்டில் இருக்கும் உரிமை பற்றிய கவலை இருந்ததில்லை. இன்று கடன் வாங்கிப் படிக்கப்போன ஒரு பிள்ளை கூடாரத்து ஓரத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாலும் அந்தக் கவலையோடுதான் வருகிறது.